ஸ்பீக்கரில் தொடங்கி ஏரியல் வரை: ப்ரெட்போர்டில் ஒரு ரேடியோ கட்டலாம்

எலெக்ட்ரானிக்ஸ் கிட் கைக்கு வந்த முதல் நாளே பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான். கூட வந்த புத்தகத்தைப் புரட்டி, ரேடியோ படம் போட்ட பக்கத்தைக் கண்டுபிடித்து, அதிலிருக்கும் இருபது இருபத்தைந்து பாகங்களையும் ஒரே மூச்சில் ப்ரெட்போர்டில் (ஈயம் வைக்காமல் பாகங்களைக் குத்தி இணைக்கும் துளைப் பலகை) குத்திவிட்டு பேட்டரியை மாட்டுவார்கள். சத்தமே வராது. எங்கே தப்பு என்று தேடவும் வழியிருக்காது, ஏனென்றால் ஏரியல் முனையிலிருந்து ஸ்பீக்கர் வரை எங்கே வேண்டுமானாலும் தப்பு இருக்கலாம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இரண்டு நாள் முழுக்க ஒரு ரேடியோ ஊமையாகவே கிடந்தது. கடைசியில் பார்த்தால் பாகங்கள் எல்லாமே சரி, ப்ரெட்போர்டின் ஓரத்தில் ஓடும் நீளமான பவர் வரிசை நடுவில் துண்டாக இருந்தது, அதனால் பாதி சர்க்யூட்டுக்குக் கரண்டே போகவில்லை.

அதன்பிறகு நான் எப்போதும் பின்னாலிருந்துதான் கட்டுகிறேன். முதலில் ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபையரும். அது வேலை செய்கிறது என்று காதால் கேட்ட பிறகு, ஒரு சத்தம் எழுப்பும் சர்க்யூட். அப்புறம்தான் ரேடியோ. இப்படிக் கட்டினால் முடித்த ஒவ்வொரு பகுதியும் அடுத்த பகுதியைச் சோதிக்கும் கருவியாகிவிடும். அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப் தேவையில்லை, காதும் விரலும் ஒரு சாதாரண மல்டிமீட்டரும் போதும்.

என்னென்ன வேண்டும்

கிட்டில் இல்லாதவற்றைச் சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெருவில் ஒரே நடையில் வாங்கிவிடலாம், கொழும்பில் என்றால் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு. மற்ற ஊர்க்காரர்களுக்கு ஆன்லைன் கடைகள் இருக்கின்றன. ஒரு ப்ரெட்போர்டு, ஜம்பர் வயர்கள், நான்கு பென்சில் பேட்டரி போடும் ஹோல்டர் ஒன்று, ஒற்றை பேட்டரி ஹோல்டர் ஒன்று, 8 ஓம் அரை வாட் ஸ்பீக்கர், எல்எம்386 ஐசி (ஆம்ப்ளிஃபையர் சில்லு), 555 ஐசி (சத்தம் எழுப்பும் சில்லு), டிஏ7642 என்ற மூன்று கால் ரேடியோ ஐசி, 1என்34ஏ ஜெர்மானியம் டயோடு, 10 கிலோ ஓம் வால்யூம் கண்ட்ரோல், பழைய பாக்கெட் ரேடியோவில் நிலையம் திருப்பப் பயன்படும் பிளாஸ்டிக் கேங் கண்டன்சர், சுமார் 10 செ.மீ. நீள பெரைட் ராடு (காயில் சுற்றும் கருப்புத் தண்டு), கொஞ்சம் மெல்லிய எனாமல் காப்பர் வயர். ரெசிஸ்டர்களும் கண்டன்சர்களும் கிட்டிலேயே இருக்கும். கேங், ராடு, ஸ்பீக்கர் மூன்றும் உடைந்த பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ ஒன்று கிடைத்தால் அதிலேயே வந்துவிடும், நான் முடிந்தவரை அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்.

பவருக்குப் பேட்டரி மட்டும்தான். மொபைல் சார்ஜரிலிருந்து 5 வோல்ட் எடுக்கலாமே என்று தோன்றும், வேண்டாம். சார்ஜருக்குள் இருக்கும் ஸ்விட்சிங் சர்க்யூட் நடுஅலை (ஏஎம் ரேடியோ அலைவரிசை) முழுவதும் இரைச்சலை அள்ளிக் கொட்டும், ரேடியோ கட்டும் வேலைக்கு அதைவிடப் பெரிய எதிரி இல்லை. 9 வோல்ட் சதுர பேட்டரியும் ஸ்பீக்கர் ஓட்டினால் சீக்கிரம் தளர்ந்துவிடும். நான்கு பென்சில் பேட்டரி, மொத்தம் 6 வோல்ட், அதுதான் நிதானமாக நிற்கும்.

குத்துவதற்கு முன் பத்து நிமிடம்

மல்டிமீட்டரை பீப் சத்தம் வரும் நிலையில் வைத்து, ப்ரெட்போர்டின் பவர் வரிசையில் ஒரு முனையிலும் மறுமுனையிலும் தொட்டுப் பாருங்கள். பீப் வராவிட்டால் நடுவில் துண்டாக இருக்கிறது, ஒரு சின்ன வயரால் இணைத்துவிடுங்கள். என் இரண்டு நாளை நீங்கள் மிச்சப்படுத்திக்கொள்ளலாம்.

ரெசிஸ்டர் நிறங்களில் அதிகம் குழம்புவது மூன்று இடத்தில். பழுப்பு-கருப்பு-சிவப்பு 1 கிலோ ஓம், பழுப்பு-கருப்பு-ஆரஞ்சு 10 கிலோ ஓம், பழுப்பு-கருப்பு-மஞ்சள் 100 கிலோ ஓம். டியூப்லைட் வெளிச்சத்தில் சிவப்பும் ஆரஞ்சும் ஒன்று போலவே தெரியும், சந்தேகம் வந்தால் மீட்டரில் அளந்துவிடுங்கள். நீல நிற உடம்பில் ஐந்து பட்டை போட்டவை வந்திருந்தால் பட்டையைப் படிக்கவே வேண்டாம், நேராக மீட்டர்தான். செராமிக் கண்டன்சரில் 104 என்றால் 10-க்குப் பின்னால் நான்கு சுழி, அதாவது 1,00,000 பிகோஃபாரட், 100 நானோஃபாரட். அதே கணக்கில் 103 என்பது 10 நானோ, 102 என்பது 1 நானோ, 473 என்பது 47 நானோ.

ஐசியில் ஒரு முனையில் அரைவட்ட வெட்டு இருக்கும். அது மேலே இருக்கும்படி பிடித்தால் இடது மேல் கால் 1, அப்படியே கீழே இறங்கி 4, பிறகு வலது கீழ் கால் 5, மேலே ஏறினால் 8. 386, 555 இரண்டுக்கும் இதே கணக்குதான்.

முதல் படி: எல்எம்386 ஆம்ப்ளிஃபையர்

4-ஆம் காலையும் 2-ஆம் காலையும் நெகட்டிவில் போடுங்கள். 6-ஆம் கால் பாசிட்டிவில். ஐசிக்குப் பக்கத்திலேயே பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் குறுக்கே ஒரு 100 மைக்ரோஃபாரட், கூடவே ஒரு 104. இந்த இரண்டையும் பலர் அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள், ஆனால் பேட்டரி கொஞ்சம் தளர்ந்ததும் ஆம்ப்ளிஃபையர் மோட்டார் படகு மாதிரி டப்டப்டப் என்று ஓட ஆரம்பிப்பது பெரும்பாலும் இவை இல்லாததால்தான்.

5-ஆம் கால்தான் அவுட்புட். அங்கிருந்து 220 மைக்ரோஃபாரட் கண்டன்சரின் பாசிட்டிவ் கால், அதன் நெகட்டிவ் காலிலிருந்து ஸ்பீக்கர், ஸ்பீக்கரின் மறுமுனை நெகட்டிவில். அதே 5-ஆம் காலிலிருந்து ஒரு 10 ஓம் ரெசிஸ்டரும் ஒரு 473 கண்டன்சரும் ஒன்றன்பின் ஒன்றாக நெகட்டிவுக்குப் போகட்டும். காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண்ணில் ஐசி தானாக அலையத் தொடங்குவதை இது தடுக்கும்.

வால்யூம் கண்ட்ரோலின் நடுக்கால் 3-ஆம் காலுக்கு. ஓரக்கால் ஒன்று நெகட்டிவுக்கு, இன்னொன்று ஒரு 104 வழியாக வெளியே நிற்கட்டும், அதுதான் நம் இன்புட். 1, 8, 7 மூன்றையும் இப்போதைக்குச் சும்மா விடுங்கள். 1-க்கும் 8-க்கும் நடுவில் ஒன்றும் இல்லையென்றால் இந்த ஐசி உள்ளே வருவதை 20 மடங்காக்கும், அங்கே ஒரு 10 மைக்ரோஃபாரட் போட்டால் (பாசிட்டிவ் 1-ஆம் கால் பக்கம்) 200 மடங்கு. ஆசையாக இருக்கும், ஆனால் முதலில் 20-லேயே எல்லாவற்றையும் ஓடவிடுங்கள்.

பேட்டரியை மாட்டும்போது முதல் தடவை மீட்டரைக் கரண்ட் அளக்கும் நிலையில் பாசிட்டிவ் வயரோடு வரிசையில் வையுங்கள். சத்தம் எதுவும் இல்லாத நிலையில் 4 முதல் 8 மில்லிஆம்பியர் இழுத்தால் நலம். ஐம்பது, நூறு என்று காட்டினால் உடனே கழற்றிவிடுங்கள், எங்கோ கால் மாறியிருக்கிறது அல்லது ஐசியைத் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள்.

இனி விரல் சோதனை. வால்யூமை ஏற்றி, இன்புட் வயரின் நுனியை விரலால் தொடுங்கள். 'ம்ம்ம்' என்று தாழ்ந்த ஒரு ரீங்காரம் வரும். உங்கள் வீட்டுச் சுவரில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை உங்கள் உடம்பு ஏரியல் மாதிரி வாங்கி ஐசிக்குக் கொடுக்கிறது. விரலை எடுத்தால் போய்விடும். இந்தச் சத்தம் கேட்டுவிட்டால் ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர், பேட்டரி எல்லாம் சரி. இதற்கு மேல் வரும் எந்தக் கோளாறுக்கும் இந்தப் பகுதியைச் சந்தேகப்பட வேண்டாம்.

ஒரு விஷயம். ஸ்பீக்கரை மேசையில் வெறுமனே வைத்தால் சத்தம் தகரம் மாதிரி இருக்கும். கோன் முன்னே தள்ளும் காற்றும் பின்னே இழுக்கும் காற்றும் ஓரமாகச் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. காலி பிஸ்கட் அட்டைப்பெட்டி ஒன்றில் ஸ்பீக்கர் வாய் அளவுக்கு வட்டமாக வெட்டி ஒட்டிவிடுங்கள். அதே ஆம்ப்ளிஃபையர், அதே பேட்டரி, ஆனால் கேட்பவருக்கு வேறு ஸ்பீக்கர் மாற்றியது போல இருக்கும்.

இரண்டாம் படி: 555 போடும் சத்தம்

555 ஐசியை ஹான்ஸ் காமென்சிண்ட் 1971-இல் வடிவமைத்தார், சிக்னெடிக்ஸ் நிறுவனம் 1972-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அரை நூற்றாண்டு தாண்டியும் எந்தக் கிட்டைத் திறந்தாலும் அது இருக்கும்.

1-ஆம் கால் நெகட்டிவ். 8-ம் 4-ம் பாசிட்டிவ். 7-ஆம் காலிலிருந்து பாசிட்டிவுக்கு 1 கிலோ ஓம். 7-க்கும் 6-க்கும் நடுவில் 10 கிலோ ஓம். 6-ஐயும் 2-ஐயும் ஒரு வயரால் இணையுங்கள், 2-லிருந்து நெகட்டிவுக்கு ஒரு 104. 5-லிருந்து நெகட்டிவுக்கு 103. இதற்கும் பக்கத்தில் பாசிட்டிவ்-நெகட்டிவ் குறுக்கே ஒரு 100 மைக்ரோஃபாரட் வேண்டும், 555 ஒவ்வொரு தடவை மாறும்போதும் பேட்டரியிலிருந்து சட்டென்று ஒரு இழுப்பு இழுக்கும்.

உள்ளே நடப்பது எளிது. 104 கண்டன்சர் இரண்டு ரெசிஸ்டர் வழியாக நிரம்புகிறது, பேட்டரி வோல்டேஜில் மூன்றில் இரண்டு பங்கைத் தொட்டதும் ஐசி 7-ஆம் காலை நெகட்டிவில் போட்டுவிடுகிறது, கண்டன்சர் 10 கிலோ ஓம் வழியாக வடிகிறது, மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியதும் மறுபடி நிரப்பத் தொடங்குகிறது. இந்த ஏற்ற இறக்கம் விநாடிக்கு எத்தனை தடவை என்றால், 1.44-ஐ (முதல் ரெசிஸ்டர் + இரண்டாம் ரெசிஸ்டர் இரண்டு மடங்கு) பெருக்கல் கண்டன்சரால் வகுத்தால் வரும் எண். நம் மதிப்புகளுக்கு 21,000 ஓம், 0.1 மைக்ரோஃபாரட், அதாவது சுமார் 685 ஹெர்ட்ஸ்.

3-ஆம் கால் அவுட்புட்டை நேராக ஆம்ப்ளிஃபையரில் போடாதீர்கள். அங்கே ஐந்து வோல்ட் அளவுக்கு ஆட்டம் இருக்கிறது, 386 அரை வோல்ட்கூடத் தாங்காது. 3-லிருந்து 100 கிலோ ஓம், அதன் மறுமுனையிலிருந்து நெகட்டிவுக்கு 1 கிலோ ஓம், இரண்டும் சேரும் இடத்திலிருந்து ஆம்ப்ளிஃபையர் இன்புட்டுக்கு. நூறில் ஒரு பங்கு, சுமார் 50 மில்லிவோல்ட். பேட்டரியை மாட்டினால் தெளிவான ஒரு 'பீ' வரும்.

வரவில்லையா? இன்புட்டை விரலால் தொட்டுப் பாருங்கள், ரீங்காரம் இருக்கிறதென்றால் தப்பு 555 பக்கம்தான். பத்துக்கு எட்டு தடவை 4-ஆம் காலைப் பாசிட்டிவில் போட மறந்திருப்பீர்கள், அல்லது 2-6 இணைப்பு விட்டிருக்கும்.

இங்கே கொஞ்சம் விளையாடாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். 10 கிலோ ஓமை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு எல்டிஆர் (வெளிச்சத்துக்கு ஏற்ப மதிப்பு மாறும் ரெசிஸ்டர்) போட்டால், வெளிச்சம் கூடக் கூட ஒலி உயரும், கையால் நிழல் போட்டால் தாழும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அன்று வேறு வேலை நடக்காது.

எனக்கு அதைவிடப் பிடித்தது ஸ்வரம் கட்டுவது. 7-க்கும் 6-க்கும் நடுவில் ஒரே ரெசிஸ்டருக்குப் பதிலாக, ஒவ்வொரு பட்டனோடும் ஒரு 22 கிலோ ஓம் ப்ரீசெட் (திருப்பி மதிப்பை மாற்றும் சின்ன ரெசிஸ்டர்) வைத்து நான்கு வழி போடுங்கள். எந்தப் பட்டனை அழுத்துகிறோமோ அந்த ப்ரீசெட் மட்டும் வேலை செய்யும், அழுத்தாவிட்டால் சத்தமில்லை. ஒலி உயரம் மொத்த ரெசிஸ்டன்ஸுக்கு (1 கிலோ + ப்ரீசெட் இரண்டு மடங்கு) எதிர் விகிதம். கீழ் ஸ-வுக்கு மொத்தம் 33 கிலோ ஓம் என்று வைத்துக்கொண்டால், ப ஒன்றரை மடங்கு உயரம், அதனால் மொத்தம் 22. மேல் ஸ இரண்டு மடங்கு, அதனால் 16.5. சுத்த மத்யமம் மூன்றுக்கு நான்கு என்ற விகிதம், 24.75. இவற்றிலிருந்து 1 கிலோவைக் கழித்து இரண்டால் வகுத்தால் ப்ரீசெட்டில் வைக்க வேண்டிய அளவு வந்துவிடும்: 16, 10.5, 7.75, சுமார் 11.9 கிலோ ஓம். ப்ரீசெட்டைப் போர்டிலிருந்து கழற்றி மீட்டரில் அளந்து வைத்துவிட்டு மறுபடி குத்துங்கள்.

கணக்குப்படி கீழ் ஸ 436 ஹெர்ட்ஸ் வர வேண்டும். வராது. 104 கண்டன்சர்கள் பத்து இருபது சதவீதம் முன்னே பின்னேதான் இருக்கும். ஆனால் கண்டன்சர் எப்படி இருந்தாலும் நான்கு ஸ்வரத்துக்கும் அதே கண்டன்சர்தானே, அதனால் சுருதி மாறினாலும் ஸ்வரங்களுக்கு இடையேயான விகிதம் குலையாது. பாட்டுத் தெரிந்தவர்கள் ஸ-ப-ஸ அழுத்திக் கேட்டால் ஒத்துப்போவது உடனே புரியும். வகுப்பில் படித்த வகுத்தலும் பெருக்கலும் காதுக்குள் வந்து ஒத்துப்போகும் அந்த நிமிடத்துக்காகவே இந்த சர்க்யூட்டைப் பலருக்குக் கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

முடிந்ததும் 555-ஐப் பிரிக்காதீர்கள். 10 கிலோ ஓமைத் திரும்பப் போட்டு ஓரமாக வைத்திருங்கள், ரேடியோவைச் சோதிக்க இதுதான் நம் நிலையம்.

மூன்றாம் படி: காயில் சுற்றுவது

எஃப்எம் ஏன் இல்லை என்று கேட்பார்கள். ப்ரெட்போர்டில் பக்கத்துப் பக்கத்து வரிசைகளே சில பிகோஃபாரட் கண்டன்சர் மாதிரி நடந்துகொள்ளும். 100 மெகாஹெர்ட்ஸில் அந்தச் சில பிகோ எல்லாவற்றையும் கெடுத்துவிடும். நடுஅலை 531-லிருந்து 1602 கிலோஹெர்ட்ஸ் வரை, அங்கே அதை யாரும் கண்டுகொள்ள வேண்டியதில்லை. அதனால் தொடங்க வேண்டிய இடம் நடுஅலைதான்.

ராடின் மேல் ஒரு துண்டு காகிதத்தை ஒன்றரைச் சுற்று சுற்றி, காகிதத்தோடு மட்டும் செல்லோ டேப் போட்டு ஒட்டுங்கள், அந்தக் காகிதக் குழாய் ராடின் மேல் இழுத்தால் நகர வேண்டும். அதன் மேல் எனாமல் வயரைப் பக்கத்துப் பக்கத்தில் நெருக்கமாக 80 சுற்று சுற்றுங்கள். ஒன்றின் மேல் ஒன்று ஏறக் கூடாது. இரண்டு முனையிலும் பத்து செ.மீ. விட்டு டேப் போடுங்கள்.

இப்போது மிக முக்கியமான வேலை, முனைகளைச் சுரண்டுவது. எனாமல் வயர் செம்பு நிறத்திலேயே இருப்பதால் வெறும் செம்பு என்றே கண் நம்பிவிடும், ஆனால் அதன் மேல் வார்னிஷ் பூச்சு இருக்கிறது, கரண்ட் துளியும் போகாது. பிளேடாலோ உப்புத்தாளாலோ இரண்டு செ.மீ. நீளத்துக்குச் சுற்றிலும் சுரண்டுங்கள். சுரண்டிய இடம் இளஞ்சிவப்பாக, பளபளவென்று இருக்கும், சுரண்டாத இடம் அதைவிடக் கருத்துத் தெரியும். பிறகு மீட்டரை இரண்டு முனையிலும் வைத்தால் ஒருசில ஓம் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டவில்லையென்றால் இன்னும் சுரண்டவில்லை. என்னிடம் வேலை செய்யாத ரேடியோவைக் கொண்டு வருகிறவர்களிடம் முதலில் கேட்பது இதைத்தான், பாதிப் பேருக்கு அங்கேயே முடிந்துவிடும்.

கேங்கில் ஏஎம் பகுதிக்கு மூன்று கால். நடுக்கால் பொது. ஓரக்கால்கள் இரண்டையும் இணைத்துவிட்டால் முழுக்க மூடிய நிலையில் சுமார் 200 பிகோஃபாரட் கிடைக்கும். காயிலும் கேங்கும் குறுக்கே சேர்ந்தால் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கு மட்டும் ஊஞ்சல் மாதிரி ஆடும். காயில் 400 மைக்ரோஹென்றி (ஹென்றி என்பது காயிலின் மின்தூண்டலை அளக்கும் அலகு) என்றால், சென்னை ஆகாசவாணியின் 720 கிலோஹெர்ட்ஸுக்கு 122 பிகோ வேண்டும், திருச்சியின் 936-க்கு 72 பிகோ. கேங்கைத் திருப்புவது என்றால் இந்த எண்களுக்கு நடுவே நகர்வதுதான். காயிலை ராடின் நடுவுக்குத் தள்ளினால் அதன் ஹென்றி கூடும், ஓரத்துக்கு இழுத்தால் குறையும், அதனால் நிலையம் கேங்கின் எல்லைக்கு வெளியே விழுந்தால் சுற்றைக் கூட்டுவதற்கு முன் காயிலை நகர்த்திப் பாருங்கள்.

நான்காம் படி: வெறும் டயோடு

ஐசிக்குப் போவதற்கு முன் ஒரு மாலை நேரத்தை இதற்குக் கொடுங்கள். 1924-இல் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் சென்னையில் தொடங்கிய காலத்தில் படிகக் கல்லை வைத்து இப்படித்தான் கேட்டார்கள். அந்தப் படிகத்தின் கதையில் நம்மவர் ஒருவர் இருக்கிறார், ஜகதீஷ் சந்திர போஸ் கலீனா என்ற ஈயத்தாதுப் படிக டிடெக்டருக்கு 1901-இல் விண்ணப்பித்து 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்.

காயில்-கேங்கின் ஒரு முனை நெகட்டிவுக்கும் பூமிக்கும். பூமி என்றால் ஈர மண்ணில் அடித்த இரும்புக் கம்பி, பிளக்கின் எர்த் துளையில் கை வைக்காதீர்கள். மறுமுனையில் ஏரியல், அதாவது மொட்டைமாடியில் கட்டிய பத்துப் பதினைந்து மீட்டர் வயர், ஒரு 100 பிகோ கண்டன்சர் வழியாக. அதே முனையிலிருந்து 1என்34ஏ டயோடு, டயோடின் மறுபக்கத்திலிருந்து நெகட்டிவுக்கு 102-ம் 100 கிலோ ஓமும் குறுக்கே, அங்கிருந்து ஒரு 104 வழியாக நேராக 386-இன் 3-ஆம் கால். வால்யூம் கண்ட்ரோலை இந்தப் படிக்கு மட்டும் கழற்றிவிடுங்கள், அதன் 10 கிலோ ஓம் இந்த மெல்லிய சிக்னலுக்குப் பெரிய சுமை.

ஏன் ஜெர்மானியம்? சாதாரண சிலிக்கான் டயோடு திறக்க 0.6 வோல்ட்டுக்கு மேல் கேட்கும். ஜெர்மானியம் 0.2, 0.3-லேயே வழிவிடும். ஏரியலில் வருவதே கொஞ்சம்தான், வாசலிலேயே பாதியைப் பறிகொடுக்க முடியாது.

கரண்ட் கம்பி போகும் பக்கம் ஏரியல் கட்டவே கூடாது. ஐப்பசி கார்த்திகையில் இடி கேட்டால் ஏரியலை ரேடியோவிலிருந்து கழற்றி வெளியே விட்டுவிடுங்கள்.

ஐந்தாம் படி: டிஏ7642

இதற்கு நீள ஏரியல் வேண்டாம், ராடே போதும். 1972-இல் ஃபெரான்டி நிறுவனம் கொண்டுவந்த இசட்என்414-இன் வழி வந்த ஐசி இது, பார்க்க ஒரு டிரான்சிஸ்டர் மாதிரி மூன்றே கால். நடுக்கால் இன்புட். ஓரக்கால்களில் எது அவுட்புட், எது நெகட்டிவ் என்பது இந்தக் குடும்பத்து ஐசிகளில் இடம் மாறி வருகிறது, அதனால் வாங்கியதன் எண்ணைப் பார்த்து அதற்குரிய டேட்டாஷீட்டைத் திறந்துவிட்டுத்தான் குத்த வேண்டும்.

இதற்கு 1.5 வோல்ட்தான், தனியாக ஒற்றைப் பென்சில் பேட்டரி. 6 வோல்ட் வரிசையில் தவறிப்போய்க்கூடத் தொடக் கூடாது. இரண்டு பேட்டரிகளின் நெகட்டிவையும் மட்டும் இணையுங்கள்.

1.5 வோல்ட் பாசிட்டிவிலிருந்து 1 கிலோ ஓம் வழியாக அவுட்புட் காலுக்கு. அவுட்புட் காலிலிருந்து நெகட்டிவுக்கு 104. அவுட்புட் காலிலிருந்து 100 கிலோ ஓம், அது காயிலின் ஒரு முனைக்குப் போகிறது, இந்த முனையைக் கீழ்முனை என்போம். கீழ்முனையிலிருந்து நெகட்டிவுக்கு 103. காயிலின் மேல்முனை ஐசியின் நடுக்காலுக்கு. கேங் காயிலுக்குக் குறுக்கே, நடுக்கால் கீழ்முனையில் வரும்படி, இல்லாவிட்டால் குமிழில் கை வைக்கும்போதெல்லாம் நிலையம் நகரும். வால்யூம் கண்ட்ரோலை மறுபடி மாட்டி, ஐசியின் அவுட்புட் காலிலிருந்து ஆம்ப்ளிஃபையர் இன்புட்டுக்கு ஒரு வயர். டிஏ7642-ஐயும் காயிலையும் சேர்த்தே ஒரு மூலையில், ஸ்பீக்கர் வயரிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள். பக்கத்தில் வந்தால் விசில் அடிக்கும்.

மீட்டரை அவுட்புட் காலுக்கும் நெகட்டிவுக்கும் நடுவில் வைத்தால் சுமார் 1.2 வோல்ட் காட்ட வேண்டும். முழு 1.5-உம் காட்டினால் ஐசி கரண்டே இழுக்கவில்லை, ஓரக்கால்களை மாற்றிப் போட்டிருக்கலாம் அல்லது காயில் முனை தொடவில்லை.

நிலையத்தைத் தேடுவதற்கு முன் 555-ஐக் கூப்பிடுங்கள். அதன் 3-ஆம் காலில் ஒரு 30 செ.மீ. வயரை மாட்டி ராடின் பக்கத்தில் கிடத்துங்கள், ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். 685 ஹெர்ட்ஸ் சதுர அலைக்குள் அதன் மடங்குகள் நடுஅலை வரை நீண்டு கிடக்கின்றன, அதனால் கேங்கை எங்கே திருப்பினாலும் அதே 'பீ' ரேடியோ வழியாகக் கேட்க வேண்டும். கேட்டால் ரேடியோ உயிரோடு இருக்கிறது, நிலையம் வராததற்குக் காரணம் வெளியே. கேட்காவிட்டால் காயில், கேங், ஐசி என்ற மூன்றுக்குள்தான் தப்பு. 555-ஐ நிறுத்திவிட்டு இனி நிதானமாகக் கேங்கைத் திருப்புங்கள்.

வெளியே இருக்கும் காரணங்களில் முதலாவது எல்ஈடி பல்பு, அடுத்து ஃபேன் ரெகுலேட்டர், டிவி, சார்ஜர். தெருவில் கரண்ட் போகும் நேரத்தில் இந்த ரேடியோவைப் போட்டுப் பாருங்கள், அதுவரை இரைச்சலுக்குள் புதைந்து கிடந்த நிலையங்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். நடுஅலை ஒலிபரப்புகள் முன்பைவிடக் குறைந்து வருகின்றன என்பதால், முதலில் ஒரு கடை ரேடியோவில் உங்கள் ஊரில் எந்த எண்ணில் எந்த நேரம் என்ன வருகிறது என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

ராடுக்குத் திசை உண்டு. அதன் முனை நிலையத்தை நோக்கினால் சத்தம் மங்கிவிடும், பக்கவாட்டு நோக்கினால் பலக்கும். விழுப்புரத்தில் இருந்து சென்னையைக் கேட்பவர் வடகிழக்கை நோக்கிப் பக்கவாட்டைக் காட்ட வேண்டும். இதையே திருப்பிப் போட்டும் பயன்படுத்தலாம், இரைச்சல் போடும் பல்பை நோக்கி ராடின் முனையைத் திருப்பினால் இரைச்சல் அடங்கி நிலையம் நிற்கும். கேங்கைவிட ராடைத் திருப்புவதில்தான் இந்த ரேடியோவின் பாதித் திறமை இருக்கிறது.

அப்புறம்

கிட் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் படம் இருக்கும். உரிமம் இல்லாமல் ஒலிபரப்புவது சட்டப்படி குற்றம், விமானங்கள் பேசும் அலைவரிசை எஃப்எம்முக்கு மேலேயே தொடங்குகிறது, அதனால் அந்தப் பக்கத்தைத் தாண்டிவிடுங்கள். அனுப்ப ஆசை இருந்தால் முறையாக ஹாம் ரேடியோ தேர்வு எழுதி, இந்தியாவில் வியூ (VU) என்று தொடங்கும் அழைப்புக்குறியோடு அனுப்பலாம்.

ப்ரெட்போர்டில் ஒரு வாரம் ஒழுங்காக ஓடிய பிறகுதான் ஈயம் வைக்க வேண்டும். 25 வாட் சால்டரிங் அயர்ன் போதும், 386-க்கும் 555-க்கும் எட்டுக் கால் சாக்கெட் போட்டுக்கொள்ளுங்கள், ஜெர்மானியம் டயோடின் காலை ஒரு முதலை கிளிப்பால் கவ்விக்கொண்டு சூடு வையுங்கள், அது சூட்டுக்கு நோஞ்சான். பலகையிலும் அதே வரிசைதான்: முதலில் 386, விரலால் தொட்டு ரீங்காரம், அதன்பிறகே அடுத்த கால்.

இருட்டிய பிறகு கட்டாயம் ஒரு தடவை கேளுங்கள். பகலில் நடுஅலையை விழுங்கிவிடும் வானத்தின் கீழடுக்கு சூரியன் போனதும் கலைந்துவிடும், அதற்கும் மேலே இருக்கும் அடுக்கு அலைகளைத் திருப்பி அனுப்பும். பகலில் இரண்டு நிலையம் வந்த அதே 80 சுற்றுக் காயிலில், கேங்கை ஒரு மயிரிழை நகர்த்த நகர்த்த, ஏறியும் தேய்ந்தும் வேறு வேறு மொழிகள் வந்துபோகும். கையில் பென்சிலும் காகிதமும் வைத்துக்கொண்டு, எந்த நேரத்தில் கேங் எங்கே நின்றது, ராடு எந்தப் பக்கம் பார்த்தது என்று எழுதிக்கொண்டே கேளுங்கள்.